தனிவாக்கியம்

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். ஐப்பசி பிறந்து இரண்டாம் வாரத்துப் புதன்கிழமை. ஒரு மழை பெய்து ஓய்ந்து, அடுத்த மழை இறங்காமல் வானத்திலேயே யோசித்துக்கொண்டிருந்த நேரம். காற்று அசையவில்லை. தாலுகா மருத்துவமனையின் தாழ்வாரத்துத் தகரக் கூரையிலிருந்து மிச்சத் தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டியது. மங்கையர்க்கரசி அதை எண்ணத் தொடங்கி, பதினேழில் விட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். எண்ணுவதை நிறுத்தினால் கை தானாகவே மடியிலிருக்கும் கைப்பையைத் தொட்டுப் பார்க்கப் போய்விடும். தொட்டுப் பார்ப்பதை அவர் பார்த்துவிடுவார். அவர் அதே நீள பெஞ்சின் மறுகோடியில், இரண்டு ஆள் இடம் விட்டு, ஃபிளாஸ்க்கை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வகணபதி. தங்கை வடிவின் கணவர். அரசு அலுவலகமொன்றில் உதவியாளர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் காலையில் இட்ட திருநீறு இன்னும் அழியாத மனிதர். வடிவு உள்ளே, பச்சைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் இருந்தாள். மேலுதட்டில் இரண்டு தையல் போட்டாகிவிட்டது. பணி மருத்துவர் அவசரமாய் வந்த ஒரு பிரசவத்துக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வந்ததும் காயச் சான்றிதழ் எழுதுவார். அதில் ஒரு கட்டம் இருக்கிறதாம், அந்தக் கட்டத்தில் இரண்டு சொற்களில் ஒன்றைத்தான் எழுத முடியுமாம். சற்றுமுன் மருத்துவமனைக் காவல் சாவடியின் ஏட்டு சூசைமாணிக்கம், பல்குத்தும் குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளியபடியே அதை விளக்கினார். "டீச்சர், உங்களுக்கு நான் இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டியதில்ல. சிம்பிள், இல்லன்னா கிரீவியஸ். சிம்பிள்னா, உங்க தங்கச்சி எழுதிக் குடுத்தாத்தான் நான் ஏதும் பண்ண முடியும். இல்லன்னா ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி, ஒரு கையெழுத்து வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிருவேன். கிரீவியஸ்னு வந்துச்சுன்னா நான் சும்மா இருக்க முடியாது, வழக்குப் போட்டு விசாரிச்சே ஆகணும். எலும்பு முறியணும், கண்ணு போகணும், இல்ல பல்லு விழணும். நல்ல பல்லு, கேட்டியளா. ஆடிக்கிட்டிருந்த பல்லுன்னா அது வேற கதை." அதைச் சொல்லிவிட்டு, தன் பல் ஆடுகிறதா என்று பார்ப்பவர்போல நாக்கால் துழாவிக்கொண்டே போய்விட்டார்.

நல்ல பல்தான். அவளுக்குத் தெரியும். அது இப்போது அவள் மடியில், கைப்பைக்குள், நீலக் கரை போட்ட கைக்குட்டைக்குள், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் முப்பத்தெட்டு விடைத்தாள்களுக்கும் சிவப்பு மைப் பேனாவுக்கும் இடையில் இருக்கிறது. பகல் ஒன்றே கால் மணிக்கு வடிவிடமிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, கொஞ்சம் வாரியா? பாத்ரூம்ல வழுக்கிட்டேன்." குரலில் ஏதோ ஒரு எழுத்து ஒழுகியது, 'வழுக்கி'யில் வகரம் காற்றாய்ப் போனது. இருபத்தைந்து வருடமாக உச்சரிப்பைத் திருத்திப் பழகிய காது முதலில் அதைத்தான் கவனித்தது, இரத்தத்தைப் பற்றிப் பிறகுதான் நினைத்தது. தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, செல்வகணபதி வீட்டில் இல்லை. குளியலறைத் தரை உலர்ந்திருந்தது. வாளி காலியாகக் கவிழ்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. சாப்பாட்டு மேசையின் காலடியில், சிதறிய உப்புமாப் பருக்கைகளுக்கு நடுவே, அது கிடந்தது. முதலில் தேங்காய்ச் சில்லு என்றே நினைத்தாள். எடுத்த பிறகுதான் அதன் நீளம் புரிந்தது. வாய்க்குள் இருக்கும்போது ஒரு பல்லில் நாம் பார்ப்பது பாதிதான். மற்றப் பாதி, வெளியே தெரிவதைவிட நீளமான பாதி, உள்ளே பிடித்துக்கொண்டு கிடக்கிறது. வேர் முழுசாக, மாசு மருவில்லாமல், நுனியில் ஒரு இழை சிவப்போடு இருந்தது. வடிவு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஆட்டோவில் ஏறியதும் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "அதை எங்கயாவது தூரப் போட்டுரு. சிம்பிளா முடிச்சுரு அக்கா. பெருசாக்காத. பிள்ளைக்கு மதுரையில பரீட்சை நடக்கு, அவளுக்கு ஃபோன் பண்ணிராத. அவருக்கு வேலை போயிரும்." அந்த முழங்கையில் இப்போதும் தங்கையின் ஐந்து விரல்களின் அழுத்தம் இருந்தது. தங்கையின் மேற்கையில் வேறு யாருடைய விரல்களின் அழுத்தமோ நீலமாக இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்தார், ஏட்டைக் கூப்பிட்டனுப்பினார்.

சிம்பிளா. இந்தச் சொல்லை யார்தான் சொல்லவில்லை? கல்யாணத்தைச் சிம்பிளாக வைத்துக்கொள்வோம் என்கிறார்கள், சாப்பாடு சிம்பிளாகத்தான், இலைக்கு ஆறு கறி. சிம்பிளாக ஒரு சேலை, சிம்பிளாக ஒரு பதில், பெரிய பதவியிலிருந்தும் வராந்தாவில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருகிறவரைப் பார்த்து ஆஹா என்ன சிம்பிள். பாராட்டுகிறோம். வேறொரு மொழியிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கிவிட்ட இந்தச் சொல்லை நாம் நடுவீட்டில் உட்கார வைத்து உபசரிக்கிறோம், அது யார் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால், வடிவுக்கு வரன் பார்த்தபோது, விசாரிக்கப் போனவள் அவள்தான். அப்பா நடக்கமுடியாமல் இருந்தார், வீட்டில் படித்த மூத்த பெண், அவளே போய் மாப்பிள்ளையின் அலுவலகத்தில் தலைமை எழுத்தரைப் பார்த்தாள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "கணபதியா? ஆள் ரொம்ப சிம்பிளும்மா. வருவான், வேலையப் பாப்பான், போவான். யாருகிட்டயும் ஒரு வார்த்தை அதிகமாப் பேசமாட்டான்" என்றார். அவள் அதைத் தமிழாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எளிமையான பிள்ளை, அம்மா, எந்தப் பகட்டும் இல்லை. பேசாத மனிதன் எங்கே பேசுவான் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை அதிகமாக வெளியே பேசாதவனுக்கு அந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரியான சொல் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்தது என்று நினைக்கிற புத்தி. தெளிந்த மொழிபெயர்ப்பு, பத்துக்குப் பத்து.

"மைனி, காபி ஊத்தட்டா?"

செல்வகணபதி ஃபிளாஸ்க்கைத் திறந்திருந்தார். ஆவி அவர் முகத்துக்கு முன்னால் எழுந்தது. வேண்டாம் என்றாள். தன் குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஒரு சிறு அருவருப்பு. "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. ஸ்கூல்லருந்து அப்படியே வந்திருப்பீங்க" என்றார். அந்த அக்கறை உண்மையானது, அதுதான் தாங்கமுடியாதது. அவர் பொய்யாக அக்கறை காட்டினால் வெறுப்பது எவ்வளவு இலேசாக இருக்கும். பிறகு ஃபிளாஸ்க் மூடியைத் திருகியபடியே, திருகும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொல்லாக, "நான் வீட்டுக்குப் போய்ப் பெருக்கித் துடைச்சிட்டுத்தான் வந்தேன் மைனி. மேசைக்கு அடியில, அடுப்புக்கு அடியில எல்லாம் பாத்துட்டேன். பல்லு மட்டும் எங்கயும் காணல" என்றார். தகரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழ மறந்தது. குளியலறையில் விழுந்தவளின் பல்லை இந்த மனிதர் எதற்காக மேசைக்கு அடியில் தேடினார்? தான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கலாம், தெரிந்தே சொல்லியிருக்கலாம். அவர் இரண்டு ஆள் இடத்தில் ஒரு ஆள் இடத்தைக் கடந்து நகர்ந்து வந்தார். "பை கனமா இருக்கும்போல. பேப்பர் கட்டா? குடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்." கை நீண்டது. நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டு, விரல்கள் சுத்தமாக இருந்தன. அவள் அந்தக் கையையே பார்த்தாள். ஐந்து விரல். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடைவெளி சற்று அதிகம், மேற்கையின் நீலத் தடங்களிலும் அதே இடைவெளி. "விடைத்தாள்" என்றாள். "வேற யாரும் தொடக்கூடாது." அது விதிதானே, பள்ளிக்கூட விதி. அவர் சிரித்து, கையை எடுத்துக்கொண்டார். "எங்க மைனி ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்."

ரூல்ஸ். அவள் பையைத் திறந்து, கைக்குட்டையைத் தொடாமல், விடைத்தாள்களை மட்டும் உருவி மடியில் பரப்பினாள். திருத்துகிறவளை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பையின் வாய்மீது கட்டு கிடக்கும், காவலாகவும் இருக்கும். ஐந்தாவது கேள்வி: கீழ்வரும் வாக்கியங்களை சிம்பிள் வாக்கியமாக மாற்றுக. போன வாரம்தான் நடத்தினாள். முதல் விதி, ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு முற்றுவினைதான் இருக்கலாம். ஆசிரியர் அறையில் அடுத்த மேசைத் தமிழாசிரியை பிரமநாயகி எட்டிப் பார்த்து, "இதைத்தான் நாங்க தனிவாக்கியம்னு சொல்லுதோம் டீச்சர், நீங்க என்னமோ சிம்பிளு கிம்பிளுன்னு பிள்ளையள மிரட்டுதீய" என்றாள். இரண்டு வினை வந்தால் ஒன்றைக் கொல்ல வேண்டும், எச்சமாக்க வேண்டும், முடிந்தால் பெயராக்கிவிட வேண்டும். வகுப்பில் மங்கையர்க்கரசி பலகையில் எழுதினாள்: ஒரு சிறுவன் கல்லெறிந்தான், அதனால் கண்ணாடி உடைந்தது. இதைச் சுருக்கினால் கல்லெறிபட்டுக் கண்ணாடி உடைந்தது. முடிந்தது, எவ்வளவு கச்சிதம். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஜெஸிமா எழுந்தாள். "டீச்சர், எறிஞ்சவன் எங்க டீச்சர் போனான்?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. "அவன் வேண்டியதில்லை" என்றாள் இவள். "அவன் இல்லாமலே வாக்கியம் முழுசாக இருக்கிறது பார்." ஜெஸிமா உட்கார்ந்துகொண்டே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "தப்பிச்சிட்டான் பாத்தியா." அதற்கும் சிரிப்பு. இவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது மடியில் முப்பத்தெட்டுத் தாளிலும் அந்தச் சிறுவன் இல்லை. முப்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள், வரிசையாக, அவள் சொல்லிக்கொடுத்தபடியே அவனைத் தப்பவிட்டிருக்கிறார்கள். நேற்றிரவே இந்தக் கேள்வி வரை திருத்தி, ஒவ்வொன்றுக்கும் அவள் சரி போட்டிருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து பல் போனது. இதுவும் அப்படித்தான். ஒரே ஒரு முற்றுவினை. பிழையில்லை. இரண்டு மதிப்பெண்.

எழுத முடியவில்லை. பேனா மூடியைத் திறந்து மூடினாள். இது தங்கையின் வாய், தங்கையின் வீடு, தங்கையின் வாக்கியம். நாற்பத்தொரு வயதுப் பெண் ஒன்றைச் சொல்லிவிட்டாள் என்றால், அதைத் திருத்த இவள் யார்? சிவப்பு மை வைத்திருக்கிறாள் என்பதாலா? போட்டுரு என்று கேட்டுக்கொண்டவளிடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, கைக்குட்டையை மடித்தாள். மடிப்பது அவள் பழக்கம். ஒரு சொல்லின் அர்த்தத்தை மடித்து உள்ளே வைத்துக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. வடிவு ஆறாம் வகுப்பு படிக்கையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் ஆண்டு முடிவில் ஒரு தேர்ச்சி அட்டை கொடுத்தார்கள். மதிப்பெண்களுக்குக் கீழே தலைமைச் சகோதரி தம் கைப்பட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'ஷி இஸ் எ சிம்பிள் கேர்ள்.' அப்பா அதற்குக் கண்ணாடித்தாள் உறை வாங்கிப் போட்டார். வருகிறவர் போகிறவரையெல்லாம் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். "பாத்தியளா, மதரே எழுதியிருக்காக. ஆடம்பரம் இல்லாத பிள்ளைன்னு. மூத்தவ படிப்பாளி, இளையவ சிம்பிள்." அன்று மங்கையர்க்கரசிக்குப் பத்தொன்பது, ஆங்கில இலக்கியம் முதலாண்டு. கல்லூரி நூலகத்துப் பெரிய அகராதியில், வேறெதையோ தேடப்போய், அந்தச் சொல்லின் ஐந்தாவது பொருளில் கண் நின்றது: மந்த புத்தியுள்ள, விவரம் போதாத, எளிதில் ஏமாற்றப்படக்கூடிய. அகராதியை மூடிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றாள். வீட்டுக்குப் போனால் அப்பா யாருக்கோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார், வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை. அன்றும் இல்லை, அப்பா போன பிறகும் இல்லை. முப்பது வருடமாக அந்த ஐந்தாவது பொருளை இவள் ஒருத்தியே வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வடிவிடம் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, கறியில் உப்பு போதுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் சிம்பிள், அவளுக்கு எதுவும் போதும். எளியாரை வலியார் அடித்தால் வலியாரைத் தெய்வம் அடிக்கும் என்பார்கள். தெய்வத்துக்கும் ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கும்போல, கட்டத்தில் சரியான சொல் எழுதியதாக.

நான்கு முப்பத்தைந்துக்கு இரண்டாவது மழை இறங்கியது. தகரத்தில் அது விழுந்த வேகத்தில் பேச்சுகள் எல்லாம் அடங்கின. மழையோடு மழையாக மருத்துவர் நஸ்ரீன் தாழ்வாரத்தில் வேகமாக வந்தார். முப்பது வயதிருக்கும், கைகளைத் துடைத்துக்கொண்டே. "ஆண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று யாரும் கேட்காமலே செவிலியிடம் சொன்னார். பிறகு இவளைப் பார்த்தார். "அக்காதானே நீங்க? உள்ள வாங்க." செல்வகணபதி எழுந்தார். "அவர் வேண்டாம்" என்றார் மருத்துவர், அவரைப் பார்க்காமல். செல்வகணபதி வாசல்படியில் நின்றுகொண்டார். கதவு இல்லாத வாசல், திரை மட்டும்தான். திரைக்குக் கீழே அவருடைய பளபளப்பான செருப்புகள் தெரிந்தன. மழை இருந்தாலும் உள்ளே பேசுவது அவருக்குக் கேட்கும். வடிவு கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் வேறொருத்தியின் முகம்போல் வீங்கியிருந்தது. அவள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தாள். மருத்துவர் மேசையில் அச்சிட்ட தாளை எடுத்துவைத்துப் பேனாவைத் தட்டினார். "ஒரே ஒரு விஷயம்தான். பாத்ரூம்ல விழுந்தேங்கறாங்க. பல்லு ஒரு வருஷமாவே ஆடிட்டு இருந்துச்சு, அதான் விழுந்துட்டுதுங்கறாங்க. அப்படின்னா நான் சிம்பிள்னு எழுதணும். பல்லு நல்லா இருந்துச்சுன்னா எழுத முடியாது. பல்லப் பாத்தா வேர்ல தெரிஞ்சிரும். எங்கன்னு கேட்டா, தண்ணியில போயிருச்சுங்கறாங்க." பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. "நீங்க சொல்லுங்க டீச்சர். ஆடிச்சா?"

ஆடிச்சா. அவள் வாழ்நாளில் கேட்ட கேள்விகளிலேயே மிகச் சிறியது. ஆம் என்றால் ஒரு நொடி. வீடு, வேலை, மதுரையில் பரீட்சை, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், மேசைக்கடியில் பருக்கை இருக்காது, நாளை காலை அந்த மனிதர் திருநீறு இட்டுக்கொண்டு அலுவலகம் போவார். இல்லை என்றால் அது இவளுடைய வாக்கியமாகிவிடும், இவள்தான் எழுவாய். இரண்டும் வேண்டாம். இவள் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடமாக ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்காகத் தீர்மானித்தவள் இன்று ஒருமுறை அதை அதன் சொந்தக்காரியிடம் கொடுத்துவிட்டால் போதும். பையைத் திறந்தாள். மார்போடு அணைத்திருந்த விடைத்தாள் கட்டு சரிந்து தரையில் சிதறியது, அவள் குனியவில்லை. கைக்குட்டையை எடுத்தாள். மருத்துவரின் மேசையில் வைக்கவில்லை. தங்கையின் மடியில் வைத்து, நான்கு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திரைக்குக் கீழே செருப்புகள் ஒரு அடி முன்னால் வந்தன.

"போட்டுருன்னுதானே சொன்னேன்" என்றாள் வடிவு. காற்றாய்ப் போன குரல். கோபம் இருந்தது அதில். இவள் அதற்குத் தலைகுனிந்தாள். "உன்னோடது. நீ போடு" என்றாள். வடிவு அதைப் பார்த்தாள். சுட்டுவிரலால் மெல்லப் புரட்டினாள், வேர்ப்பக்கம் மேலே வந்தது. வெளியே தெரிந்ததைவிட நீளமான அந்தப் பாதியை அவள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இவ்வளவா என்று வியப்பதுபோல் ஒரு புருவம் மேலே போனது. மழை சற்றுக் குறைந்தது. திரைக்கு அப்பாலிருந்து, "வடிவு" என்று ஒரு குரல், மிக மென்மையாக, வீட்டில் தண்ணீர் கேட்பதுபோல வந்தது. வடிவின் தோள் தானாகவே உள்ளே ஒடுங்கியது. மங்கையர்க்கரசி அதைப் பார்த்தாள், மருத்துவரும் பார்த்தார். ஒடுங்கிய தோள் அப்படியே சிறிது நேரம் இருந்தது. பிறகு அவள் பல்லைக் கைக்குட்டையோடு எடுத்து, தானே, மருத்துவரின் தாளின் ஓரத்தில் வைத்தாள்.

"ஆடின பல்லு இல்ல, டாக்டர். நல்ல பல்லு."

"அப்ப எப்படி விழுந்துச்சு?"

"விழல" என்றாள். உதட்டுத் தையல் இழுத்தது. வலியில் கண்ணை மூடித் திறந்தாள். "அவர் அடிச்சார்."

எழுவாய் ஒன்று, முற்றுவினை ஒன்று. அதைவிடச் சிறிய தனிவாக்கியத்தை மங்கையர்க்கரசி ஒருபோதும் வகுப்பில் எழுதிக் காட்டியதில்லை.

மறுநாள் காலை மருத்துவர் நஸ்ரீன் இரவுப் பணி முடித்துக் கிளம்புமுன் பிரசவ வார்டுக்குப் போய் அந்த ஆண் குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, பேருந்தில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார். ஏட்டு சூசைமாணிக்கம் முதல் தகவல் அறிக்கையில் 'கொடுங்காயம்' என்பதற்கு ஒற்றெழுத்து உண்டா இல்லையா என்று சந்தேகப்பட்டு, எழுத்தரிடம் கேட்டுத் திட்டு வாங்கினார். செல்வகணபதி காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், யாரிடமும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை, நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்ள அங்கே வசதியிருக்கவில்லை. மங்கையர்க்கரசி முதல் பாடவேளையில் பலகையில் பழைய வாக்கியத்தை எழுதி, "ஜெஸிமா, எறிஞ்சவனைக் கூட்டிக்கிட்டு வந்து இதுக்குள்ள உட்கார வை" என்றாள். முப்பத்தெட்டுத் தாள்களையும் பிள்ளைகளிடம் கொடுத்து, அந்த விடையை மாற்றி எழுதியதும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அதற்கு முன்பு, விடியற்காலையில், தன் வீட்டு அடுக்களையில் தங்கைக்கு நொய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபோது அந்தத் தேர்ச்சி அட்டையைப் பற்றிச் சொன்னாள். அகராதி, ஐந்தாவது பொருள், வேப்பமரம், எல்லாவற்றையும், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. வடிவு கரண்டியால் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். "அட்டைய நீட்டுறப்ப மதர் மூஞ்சியப் பாத்தேன்லா. அப்பா அவ்வளவு சந்தோசப்பட்டாரு. இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

வாயின் காயமில்லாத பக்கமாக ஒரு கரண்டி விழுங்கினாள். பிறகு கிண்ணத்தை அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல உப்பு பத்தல. போட்டுக் கொண்டா."